காணாமல் போனது சென்ட் அல்ல, உங்கள் மூக்கு

"பிராண்டட் சென்ட்தான், ஆனால் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. டூப்ளிகேட்டாக இருக்குமோ?" என்று கேட்க வருகிறவருக்கு முன்னால் அவருடைய சென்ட் அறைக்குள் வந்துவிடுகிறது. காலையில் எட்டு ஸ்ப்ரே, மதியம் இன்னும் நான்கு. பக்கத்து இருக்கைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரோ பாட்டிலைச் சந்தேகப்படுவார். இதே புகார் வாரம் தவறாமல் வருவதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

புதிதாக வந்த வாசனையைச் சொல்வதுதான் மூக்கின் வேலை. வந்தது அங்கேயே தங்கிவிட்டால், சில நிமிடங்களில் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. விருந்தாளிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். கழுத்தின் முன்பக்கம் அடித்த சென்ட்டின் கதையும் இதேதான். மூக்குக்கு நேர் கீழே விடாமல் ஆவியாகிக்கொண்டிருப்பதால் பழகுவது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. அதைப் போய் "பெர்ஃபார்மன்ஸ் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்றைய ஆண்களுக்கான டிசைனர் சென்ட்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகின்றன. அவற்றின் அடித்தளத்தில் ஆம்ப்ராக்ஸன், ஐசோ ஈ சூப்பர் என்ற வாசனை மூலக்கூறுகள், செயற்கைக் கஸ்தூரிகள் போன்றவை தாராளமாக இருக்கும். எல்லாமே மெதுவாக ஆவியாகிறவை. கஸ்தூரி மூலக்கூறுகளில் சில, சிலருடைய மூக்குக்கு எட்டுவதே இல்லை. ஐசோ ஈ சூப்பரோ கண்ணாமூச்சி ஆடும்: வரும், மறையும், திடீரென்று மறுபடி வரும். அணிந்தவருக்கு ஒன்றும் தெரியாத அதே நேரத்தில், லிஃப்ட்டில் கூட நிற்பவருக்கு நன்றாகவே தெரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே நிற்கிறதா என்று சோதிக்க மணிக்கட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கில் தேய்க்காதீர்கள். காலையில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரே ஒரு ஸ்ப்ரே. நான்கு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. பிறகு வெளிக்காற்றில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து முகருங்கள். அன்று போட்ட சட்டையை வேறு அறையில் தொங்கவிட்டு மறுநாள் காலையில் முகர்ந்தாலும் உண்மை தெரிந்துவிடும். இரண்டையும்விட நல்லது, கூட இருப்பவரைக் கேட்பது. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "எவ்வளவு தூரத்தில் தெரிகிறது?" என்று கேளுங்கள். அன்றாட சென்ட் ஒரு கை தூரத்தில் தெரிந்தால் போதும். மூன்று மேசை தள்ளித் தெரிந்தால் நீங்கள் அடித்தது அதிகம். கடையில் முகர்ந்து பார்க்க வைக்கும் டெஸ்டர் பாட்டில்களுக்கு நடுவே கிண்ணத்தில் வைத்திருக்கும் காப்பிக் கொட்டையும் இன்னொரு வாசனைதான், மூக்கை அது துடைத்துவிடாது. சென்ட் படாத உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

உண்மையிலேயே சீக்கிரம் போகிற பகுதி ஒன்று உண்டு. எலுமிச்சை, பெர்கமோட் (எலுமிச்சை இனப் பழம்) போன்ற முதல் வாசனைகள் கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பறந்துவிடும், அவற்றின் இயல்பு அப்படி. டெஸ்டரை அடித்து அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் முகர்ந்து பணம் கட்டுகிறவர்கள்தான் பிறகு "வாசனை மாறிவிட்டது" என்கிறார்கள். நீங்கள் தினமும் சுமக்கப்போவது இரண்டாவது மணியிலிருந்து எட்டாவது மணி வரை இருக்கும் வாசனையை. காகிதத் துண்டில் மூன்று நான்குக்கு மேல் ஒரே நாளில் முகராதீர்கள். அவற்றில் இரண்டை மட்டும் தோலுக்கு, கைக்கு ஒன்றாக. அடித்துவிட்டு வெளியே போய்விடுங்கள். அன்றைக்கே வாங்காதீர்கள்.

இ.டி.டி., இ.டி.பி. விவகாரமும் இப்படித்தான். ஓ டி டாய்லெட்டில் (இ.டி.டி.) வாசனை எண்ணெய் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபமில் (இ.டி.பி.) 15 முதல் 20 என்பார்கள். இது தொழில் வழக்கம், சட்டம் போட்ட அளவு கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பெயரில் வரும் இரண்டும் ஒரே கலவையின் லைட், ஸ்ட்ராங் வடிவங்கள் என்று நினைப்பதுதான் தப்பு. டியோரின் சவாஜ் 2015-இல் இ.டி.டி.யாக வந்தது, 2018-இல் இ.டி.பி., 2019-இல் பர்ஃபம், 2021-இல் எலிக்ஸிர். முதலாவதில் பெர்கமோட்டும் மிளகும் கூர்மையாக நிற்கும். இரண்டாவதில் வனிலா வந்து அதை மழுக்கும். எலிக்ஸிர் மசாலாவும் அதிமதுரமும் சேர்ந்த கனமான வேறு வாசனை. ஒன்று பிடித்திருக்கிறது என்பதற்காக இன்னொன்றை முகராமல் வாங்குவது சூதாட்டம். எலிக்ஸிரை இ.டி.டி. கணக்கில் ஆறு ஸ்ப்ரே அடிப்பது கூட இருப்பவர்களுக்குத் தண்டனை.

2 மில்லி சாம்பிள் வாங்குங்கள். ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மில்லி, எனவே தினம் மூன்று என்றால் ஆறு நாள் வரும். அந்த வாரம் முழுக்க வேறு சென்ட் வேண்டாம், வாசனை தூக்கலான டியோடரன்ட்டும் வேண்டாம். வியர்த்த நாளில், ஏசி அறையில், தலை கனத்த மாலையில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான்காம் நாள் அலுத்துப்போனால் அது விசேஷத்துக்கான சென்ட், வேலைக்கானது அல்ல. (புதுப் பாட்டிலை மாதக்கணக்கில் மூடி வைத்தால் "முதிரும்" என்று இணையத்தில் சொல்கிறார்கள். முதிர வைப்பதெல்லாம் பாட்டிலில் அடைக்கும் முன்பே முடிந்துவிடும் வேலை.)

அளவு: இ.டி.டி. மூன்று நான்கு, இ.டி.பி. இரண்டு மூன்று, அதற்கு மேல் கனமானது ஒன்று. சட்டைக்குள் மார்பில் ஒன்று, பிடரியில் ஒன்று என்று தொடங்கினால் மூக்கும் சீக்கிரம் சோராது. மணிக்கணக்கில் 100 மில்லி பாட்டிலை முகர்ந்து தேர்ந்தெடுத்துவிட்டுத் தினம் பன்னிரண்டு அடித்தால் மூன்று மாதம்கூட வராது, மூன்று அடித்தால் பதினோரு மாதம் போகும்.

ஷேவ் செய்த கையோடு கழுத்தில் அடிக்காதீர்கள், எரியும். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சென்ட்டை அன்றே நிறுத்திவிடுங்கள், "பழகிவிடும்" என்று தொடராதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது பெட்டியையும் எடுத்துப்போங்கள். அதில் லிமோனீன், லினலூல், கூமரின் என்று அலர்ஜி தரக்கூடிய வாசனைப் பொருள்களின் பெயர்களை அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. இயற்கை எண்ணெய் என்றால் ஒன்றும் செய்யாது என்பதும் வீண் நம்பிக்கை. லிமோனீனும் லினலூலும் இயற்கை எண்ணெய்களிலேயே இருப்பவை, காற்றுப் பட்டுப் பழசானால் தோலை உறுத்தும். அதனால்தான் மூடியைப் போடுங்கள், குளியலறையிலும் காரிலும் பாட்டிலை வைக்காதீர்கள் என்று சொல்கிறோம். பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால், அடுப்பு பக்கத்தில் அடிக்க வேண்டாம்.

கூட வேலை செய்பவர் ஆஸ்துமாக்காரராக இருந்து "கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டால் விவாதம் வேண்டாம், குறையுங்கள். அப்புறம், தயவுசெய்து, லிஃப்ட் வாசலில் நின்று அடிக்காதீர்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பே வீட்டில் அடித்துவிடுங்கள்.