கடைசிச் சரணத்தை அவசரமாக முடிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கிறிஸ்தவ சபை இளைஞர்களுக்குப் பாட்டெழுதவும் கிட்டார் வாசிக்கவும் பல வருடமாகச் சொல்லித்தருகிறேன். ராக் என்றால் அவர்களுக்கு உயிர். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான்; நடுவே பாட்டியிடம் கேட்ட தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கும். பல பாட்டுகளில் ஒரே குறை: இரண்டு சரணம் அழுகை, மூன்றாவதில் திடீரென்று எல்லாம் சரியாகிவிடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். என் மாணவர் ஒருவருடைய மாமாவின் வீடு மண்சரிவோடு போனது. சில மாதம் கழித்து ஒரு பாட்டு கொண்டுவந்தார். கடைசி வரி மட்டும் தமிழில்: "எங்கே இருந்தீர், ஆண்டவரே?" சபையில் பாட வேண்டுமே என்று நம்பிக்கையாக நாலு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார், ஒரு தடவை பாடினார். அப்புறம் அந்தப் பாட்டைத் தொடவே இல்லை. தவறு என்னுடையது.

அதன்பின் வேதத்தில் உள்ள பழைய பக்திப் பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தைப் பாட்டெழுதுகிறவனாக உட்கார்ந்து படித்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் நம்பிக்கைக்கு வந்து சேர்கிறது. 88ஆம் சங்கீதம் வருவதில்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். அதை அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறுதலாக ஒரு வரியைக்கூட யாரும் ஒட்டவில்லை.

இரண்டிலுமே பேச்சு 'நீர்' என்று நேராகப் போகிறது. கேட்பவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் இத்தனை உரிமையோடு சண்டை போட முடியும். நம் ஒப்பாரியும் போனவரைப் பார்த்துத்தானே கேட்கிறது, ஏன் விட்டுப் போனாய் என்று? அயர்லாந்தின் யூ2 குழு 1983இல் 40ஆம் சங்கீதத்தை ராக் பாட்டாக்கியபோது, கர்த்தர் தூக்கியெடுத்த நன்றியைப் பாடிவிட்டு, பல்லவியில் 'இன்னும் எத்தனை காலம்' என்ற கேள்வியை வைத்தது. நன்றியும் கேள்வியும் ஒரே பாட்டில் இருக்கலாம்.

இப்போது வரியைத் திருத்துவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இதை யாரிடம் சொல்கிறாய்? 'அவர் கைவிட்டார்' என்பதை 'நீர் கைவிட்டீர்' என்று மாற்றிப் பாடச் சொல்வேன். சிலருக்குக் குரல் நடுங்கும். அந்த வரி நிற்கும். சிலருக்கு அது தங்கள் மனதில் இல்லாத வரி என்று அப்போதுதான் தெரியும். மனம் அமைதியாக இருக்கிறவர் அழகுக்காகச் சந்தேகத்தை எழுதினால், அதுவும் பொய்தான்.

இசையிலும் முடிவை அப்படியே திறந்து விடலாம். சி ஸ்கேலில் போகும் பாட்டை ஜி கார்டில் நிறுத்தினால், அது சி கார்டுக்குத் திரும்பும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

ஆராதனை நடத்தும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பாட்டு வந்தால், மாற்று என்று சொல்லும் முன் முழுதாக ஒருமுறை கேளுங்கள். துக்கத்தோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்று பாட முடிகிற ஒரே பாட்டு அதுவாக இருக்கலாம்.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு வரியையும் எடுத்துவிட்டார். இப்போது பாட்டு "ஆண்டவரே" என்ற சொல்லோடு ஜி கார்டில் நிற்கிறது.