நோட்டு நிறைய வார்த்தை, எழுதத்தான் வரவில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுக்கும் வேலை நேர்காணலுக்கும் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பலரிடம் ஒரே மாதிரி நோட்டு இருக்கும். நடுவில் கோடு, இடப்பக்கம் ஆங்கில வார்த்தை, வலப்பக்கம் தமிழ் அர்த்தம். தினம் 50 வார்த்தை மனப்பாடம். உழைப்பில் குறை சொல்லவே முடியாது. அதற்கேற்ற பலன் இல்லாததுதான் வருத்தமாக இருக்கிறது.

ஒரு மாணவி சுய அறிமுகத்தில், தன் கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு 'நொட்டோரியஸ்' என்று எழுதியிருந்தார். நோட்டில் அதற்கு நேராக 'பெயர்போன' என்று இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அது கெட்ட பெயருக்குத்தான் வரும்: ரவுடிக்கு, அடிக்கடி விபத்து நடக்கும் வளைவுக்கு.

அதனால்தான் வார்த்தையைத் தனியாக எழுதாதீர்கள், அது வந்த வரியோடு எழுதுங்கள் என்கிறேன். வகுப்பில் நான் அதிகம் எடுப்பது வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கைகளை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர் இது. புயல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மீனவர்கள் கடலுக்குள் 'வென்ச்சர்' செய்ய வேண்டாம் என்று அதில் வரும். கம்பெனிப் பெயர்களில் மட்டுமே பார்த்திருந்த வார்த்தை, ஆபத்து தெரிந்தும் துணிந்து போவதைச் சொல்கிறது என்பது கடலோரத் தேவனாம்பட்டினத்துப் பையனுக்குச் சட்டென்று பிடிபடும். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்பதும் அங்கேயே பழகிவிடும். 'ஹெவி விண்ட்' என்று எழுதுபவர்கள் நம்மிடையே ஏராளம். அப்புறம், அதே வார்த்தையை வைத்துத் தன் தெருவைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்வேன்.

எந்த வார்த்தைகளை முதலில் படிப்பது? அரிதான, மிரட்டும் வார்த்தைகளை அல்ல. மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்வி சார்ந்த ஆங்கிலத்தில் சுமார் 10 சதவீதம் அவைதான் வருகின்றன. அடிப்படை வார்த்தைகள் தெரிந்தவர்களுக்கு அடுத்த படி அதுவே.

படித்ததை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சும்மா திரும்ப வாசிப்பது போதாது.

பழைய நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் உள்ள வார்த்தை ஏதாவது செய்தித்தாளில் கண்ணில் பட்டால், அந்த வரியை எதிரே எழுதிக்கொள்ளுங்கள். கண்ணிலேயே படாதவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.