"சேர், நான் பிழை விடேல்லை"

போனில் போக்கர் ஆடிக் காசை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த வருடத்தில் இவன் மூன்றாவது. மூன்று பேரும் என்னிடம் இணைந்த கணிதம் படித்தவர்கள், நிகழ்தகவில் கெட்டிக்காரர். ரியூசன் முடிந்து வாங்குகள் காலியான பிறகு வந்து, போனைத் திறந்து ஒரு சார்ட்டைக் காட்டினான். எந்தத் தாளுக்கு என்ன செய்வது என்ற அட்டவணை அது. பச்சைக் கட்டம் என்றால் ஆல்-இன், அதாவது கையிலுள்ள சிப் (பந்தய வில்லை) முழுவதையும் வை; சிவப்பு என்றால் தாளைப் போட்டுவிட்டு விலகு. "சேர், நான் பிழை விடேல்லை. இதிலை இருக்கிற மாதிரித்தான் அடிச்சனான். பிறகு எப்பிடித் தோத்தனான்?" கம்பஸ் செலவுக்கென்று கனடாவிலிருந்து தமக்கை அனுப்பிய காசு போய்விட்டது.

சார்ட் சரிதான். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், ஏனென்றால் "சூது கூடாது" என்று மட்டும் சொன்னால் இவர்கள் காதில் ஏறாது. டர்போ என்கிற வேகமான போக்கர் போட்டிகளில் 5 நிமிடத்துக்கொரு தரம், இன்னும் வேகமானவற்றில் 2, 3 நிமிடத்துக்கொரு தரம் பிளைண்ட், அதாவது தாள் பார்க்க முன்னரே கட்டவேண்டிய கட்டாயப் பந்தயம், ஏறும். கடைசிக் கட்டத்தில் பலர் கையில், பிளைண்ட் இரண்டில் பெரியதான பிக் பிளைண்டைப் 10 தரம் கட்டக்கூடச் சிப் மிஞ்சாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பார்க்க அங்கே இடமில்லை. முழுவதையும் வை, அல்லது விலகு. முதலில் தள்ளுகிறவனுக்கு மற்றவர்கள் பயந்து விலகும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கும். அதை ஏற்கிறவனுக்கு அது இல்லை, ஆகவே அவனுக்கு இன்னும் நல்ல தாள் வேண்டும். இதெல்லாம் பெடியளுக்குத் தண்ணிபட்ட பாடு.

"எனக்கு வெல்ல 80 வீத வாய்ப்பு, சேர். நியாயப்படி நான்தானே வெல்லோணும்?"

இந்த 'நியாயப்படி'யைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 80 வீதம் என்றால் ஐந்தில் ஒரு தரம் தோற்பாய். அதுவும் நியாயப்படிதான். ஒரு ஆல்-இன்னோடு போட்டி முடிந்துவிடாது, ஐந்து தரம் தப்பவேண்டும் என்று வை. ஒன்றையொன்று சாரா நிகழ்ச்சிகள், பெருக்கு. 0.8 ஐ ஐந்து தரம் பெருக்கினால் 0.33. ஒவ்வொரு முறையும் அருமையான தாளோடு போனாலும் மூன்றில் இரண்டு நாள் வெளியே. இதையே மின்குமிழ் பழுதாகும் கணக்காக வினாத்தாளில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் செய்து நீட்டுவான். அதுபோக, 80 எங்கே அடிக்கடி கிடைக்கிறது? பெரிய சோடி சின்னச் சோடியைச் சந்தித்தால் அந்தளவு. ஆசு-ராசா போய் ராணிச் சோடியோடு மோதினால் ஏறக்குறைய 43 தான். (எதிராளியைவிடச் சிப் கூட இருந்தால் ஒரு தோல்வியைத் தாங்கலாமே என்று கேட்கப்போகிறவருக்கு: தாங்கலாம், அடுத்த பிளைண்ட் ஏறும்வரை.)

304 என்ற தாள் விளையாட்டை அடித்துப் பழகிய ஊர் இது. அதில் ஜாக் என்றைக்கும் 30, ஒன்பது என்றைக்கும் 20. ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் 304. போக்கர் போட்டியில் சிப்பின் பெறுமதி அப்படி ஓரிடத்தில் நிற்காது. நாலு பேர் மிச்சம், எல்லோரிடமும் சமமான சிப், பரிசு 50, 30, 20, நாலாமவனுக்கு வெறுங்கை என்று வையுங்கள். ஆளுக்குப் பங்கு 25. ஒருவனை வீழ்த்திச் சிப்பை இரட்டிப்பாக்கினால் பங்கும் 50 ஆகுமா? 38.3 தான் ஆகும். முதலிடத்துக்கு அரைவாசி வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றிலொன்று, மூன்றாமிடத்துக்கு ஆறிலொன்று. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 13.3 க்காக 25 ஐப் பணயம் வைப்பதென்றால், பிளைண்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், 65 வீத வெற்றி வாய்ப்பாவது வேண்டும். எதிராளி எந்தத் தாளோடும் தள்ளுகிறான் என்று வைத்தால்கூட ஆசு-ராசாவுக்கு இருப்பது ஏறக்குறைய அந்த 65 தான்.

"அப்ப ஆசு-ராசாவையும் போட்டுட்டு விலகவேணுமோ, சேர்?"

ஓமடா, விலகத்தான் வேணும். அவனுடைய சார்ட் சிப்பை எண்ணியது, பரிசை எண்ணவில்லை.

மூவரும் உதாரணம் காட்டியது கிறிஸ் மணிமேக்கரை. 86 டொலர் தகுதிப் போட்டியில் தொடங்கி, 2003 இல் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றவர். உண்மை. அதில் 839 பேர் ஆடினார்கள், ஆட்டம் நாட்கணக்கில் நடந்தது, இருந்து யோசிக்க நேரமிருந்தது. டர்போவில் அந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தளம் எடுக்கும் கட்டணத்தை வெட்டுவதில்லை.

ஆடாதே என்றால் கேட்கமாட்டாய். சரி, இதையாவது கேள். தோற்றபின் திரும்பவும் காசு கட்டி நுழைகிற மறுநுழைவுப் பொத்தானைத் தொடாதே, ஒரு போட்டிக்கு ஒரு கட்டணம். கடன் காசிலும் தமக்கையின் காசிலும் கை வைக்காதே. இழந்ததைப் பிடிக்க நடுச்சாமத்தில் குந்தாதே. வென்ற நாளை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுக்காமல் கட்டியதெல்லாவற்றையும் கொப்பியில் எழுது. அம்மா அப்பாமாரே, போனைப் பறித்தால் இன்னொன்று வரும். ஏசாமல், எவ்வளவு போனது என்று கேளுங்கள். பிள்ளை நித்திரையில்லாமல், பொய் சொல்லிக் காசு கேட்கிற நிலைக்கு வந்துவிட்டால் அது கணக்கு வாத்தியால் ஏலாத காரியம்; தேசிய மனநல உதவி இலக்கம் 1926 க்கு அடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த வருடம் கட்டியது ஒரு நிரல், எடுத்தது ஒரு நிரல் என்று எழுதச் சொன்னேன். எடுத்த நிரலை வாங்கிலேயே இருந்து எழுதி முடித்துவிட்டான், மூன்று வரி. மற்றதுக்கு வீட்டை போய்ப் பார்க்கவேணும் என்றான்.