நியூட்ரான் விண்மீனுக்குள் விழித்துக்கொள்ளும் புலம்

பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றின் இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்துங்கள். முதலில் எதுவும் நடக்காது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கோல் சட்டென்று ஒரு பக்கமாக வளைந்துவிடும். எந்தப் பக்கம் என்பது தற்செயல். ஆனால் வளைவது உறுதி. அதற்குமேல் நேராக நிற்பது அதற்குக் கட்டுப்படியாகாது.

பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சும் மிக இறுகிய கருதான் நியூட்ரான் விண்மீன். அதற்குள் ஈர்ப்பே இப்படி நடந்துகொள்ளக்கூடும் என்று 1993இல் தீபோ தாமூர், ஜில் எஸ்போசிட்டோ-ஃபரேஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு மட்டுமே. அதோடு ஒரு ஸ்கேலர் புலமும் கூட்டுச் சேர்ந்திருந்தால் என்ன என்பது பழைய கேள்வி. ஓர் அறையின் வெப்பநிலையைப் போல, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணாக மட்டும் இருப்பது ஸ்கேலர் புலம். அதற்குத் திசை கிடையாது. 1961இல் பிரான்ஸும் டிக்கியும் முன்வைத்த கோட்பாடு இந்த வகையில் புகழ்பெற்றது. ஆனால் சூரியக் குடும்பம் அதற்கு அதிக இடம் தரவில்லை. சனிக்கோளை நோக்கிப் பயணித்த காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனுக்கு அருகே கடந்தபோது எவ்வளவு தாமதமாயின என்பதை அளந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஐன்ஸ்டீனின் கணக்கிலிருந்து லட்சத்தில் சில பங்குக்குமேல் விலகல் இல்லை.

அத்துடன் கதை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. தாமூரும் எஸ்போசிட்டோ-ஃபரேஸும் எடுத்துக்கொண்ட கோட்பாட்டில், புலத்தின் மதிப்பு பூஜ்யமாக இருக்கும் இடத்தில் பொருளோடு அதற்குள்ள பிணைப்பும் பூஜ்யம். பூமியிலும் சூரியனிலும் அது உறங்கிக் கிடக்கும். எத்தனை நுட்பமாக அளந்தாலும் ஐன்ஸ்டீனே சரி என்றுதான் விடை வரும்.

அது எப்போது விழிக்கும்? இங்கே இரண்டு செலவுகள் மோதுகின்றன. விண்மீனுக்குள் புலம் உயர்ந்தால் அங்குள்ள பொருளின் ஆற்றல் குறைகிறது, அது லாபம். ஆனால் உள்ளே உயர்ந்த புலம் வெளியே போகப் போகத் தணிந்தாக வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்துக்கே ஆற்றல் செலவாகும். எது வெல்லும் என்பதை விண்மீன் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. நிறையை ஆரத்தால் வகுத்து அளக்கும் இந்த இறுக்கம் சூரியனுக்குப் பத்து லட்சத்தில் இரண்டு. சூரியனைப்போல் ஒன்றரை மடங்கு நிறையைச் சுமார் 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைத்துவைத்திருக்கும் நியூட்ரான் விண்மீனுக்கோ ஏறக்குறைய 0.2. லட்சம் மடங்கு வித்தியாசம்! பிணைப்பைக் குறிக்கும் எண் சுமார் −4.3க்குக் கீழே இருந்தால், இந்த இறுக்கத்தில் லாபம் செலவை மிஞ்சிவிடும். பூஜ்யத்தில் நிற்பது புலத்துக்குக் கட்டுப்படியாகாது. கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ தானாகவே எழும்பிவிடும். சூடான இரும்பு குளிரும்போது தானே காந்தமாவதோடு இதை ஒப்பிடுவார்கள்.

இதைச் சோதிக்க விண்மீனுக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. அதன் ஆரத்தை அளந்தும் பெரிய பயனில்லை. ஆரம் மாறியிருந்தால் காரணம் ஈர்ப்பா, உள்ளிருக்கும் பொருளின் தன்மையா என்று பிரித்தறிவது கடினம். பார்க்க வேண்டியது சுற்றுப்பாதையை. புலம் விழித்த விண்மீன் ஒரு புதுவகை மின்னூட்டம் பெற்றதுபோல் ஆகிறது. அந்த ஊட்டம் இல்லாத துணையோடு சுற்றும்போது, பொதுச் சார்பியலில் இடமே இல்லாத இருமுனைக் கதிர்வீச்சை அது வெளியிடும். ஆற்றல் கசிந்து சுற்றுப்பாதை வேகமாகச் சுருங்கும். ஹல்ஸும் டெய்லரும் 1974இல் கண்டுபிடித்த புகழ்பெற்ற இணையில் இரண்டுமே ஏறக்குறைய சமநிறையுள்ள நியூட்ரான் விண்மீன்கள். ஊட்டங்கள் ஒத்திருந்தால் இந்த விளைவு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்து முடிந்து எஞ்சும் வெள்ளைக் குள்ளன், புலம் விழிக்கும் அளவுக்கு இறுகியதல்ல. அதைத் துணையாகக் கொண்ட பல்சார்தான், அதாவது சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்தான், இதற்கு உகந்தது.

2013இல் அப்படிப்பட்ட ஒன்றின் அளவீடு வெளிவந்தது. ஜே0348+0432 என்ற அந்தப் பல்சாரின் நிறை சூரியனைப்போல் சுமார் இரு மடங்கு என்று அப்போது கணக்கிட்டார்கள். அதன் வெள்ளைக் குள்ளன் சுமார் 8 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரண்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக ஒரு சுற்றை முடிக்கிறது. அந்த நேரம் ஆண்டுக்குச் சுமார் 8 மைக்ரோவினாடி குறைகிறது. பூமியில் இருந்தபடியே இதை அளந்திருக்கிறார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. காலவெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகள் ஆற்றலைக் கொண்டுபோவதால் மட்டும் எவ்வளவு குறைய வேண்டுமோ, பிழை வரம்புக்குள் அவ்வளவுதான் குறைகிறது. இருமுனைக் கசிவின் தடயம் இல்லை.

இன்னும் கடுமையான சோதனை ஜே0337+1715 என்ற மும்மைத் தொகுதியில் நடந்தது. வினாடிக்கு 366 முறை சுழலும் பல்சாரும் அருகிலுள்ள வெள்ளைக் குள்ளனும் 1.6 நாளுக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து, 327 நாள் பாதையில் இருக்கும் இன்னொரு வெள்ளைக் குள்ளனை நோக்கி விழுந்துகொண்டே இருக்கின்றன. இறுகிய பொருளும் இறுகாத பொருளும் ஒரே மாதிரி விழுகின்றனவா? ஸ்கேலர் புலம் விழித்திருந்தால் வேறுபட வேண்டும். 2018இல் வெளியான முடிவின்படி, வேறுபாடு இருந்தாலும் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவே.

இப்படிப்பட்ட பல இணைகளின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால், 1993இன் எளிய கோட்பாட்டுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆனால் அதில் புலத்துக்கு நிறை கிடையாது; அதனால் அதன் வீச்சு எல்லையற்றது. புலத்துக்குச் சிறிதளவு நிறை இருந்துவிட்டால், அது துணை விண்மீனை எட்டுவதற்குள் அடங்கிவிடும். அப்போது பல்சார்களின் சாட்சி செல்லாது; இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும் தறுவாயில், இடைவெளி சில பத்துக் கிலோமீட்டராகச் சுருங்கும்போதுதான் புலத்தின் கை தெரியும். 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படியொரு மோதலின் ஈர்ப்பலைகள் சுமார் 100 வினாடி கேட்டன. மோதலுக்குப் பிந்தைய உயர் அதிர்வெண் அலைகள் மட்டும் கருவிகளுக்கு எட்டவில்லை. ஐரோப்பாவில் திட்டமிடப்பட்டிருக்கும் ஐன்ஸ்டீன் டெலஸ்கோப் என்ற ஈர்ப்பலைக் கருவி செவிமடுக்கப்போவது அவற்றுக்கும்தான்.