எந்தப் பொடி சாப்பிட்டாலும் எங்களிடம் சொல்லுங்கள்

டர்பனில் புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுக்கும் மருந்தாளுநர் நான். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் நம் பெரியவர்கள் பலர் கேட்பது இதுதான்: “ஏம்மா, மஞ்சளே கேன்சர் செல்லைக் கொன்னுடுமாமே, அப்புறம் ஊசி எதுக்கு?”

அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பழுதான செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ள உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை அப்போப்டோசிஸ் என்கிறோம். செல்லுக்குள் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை விழும், உள்ளிருக்கும் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும், கேஸ்பேஸ் என்ற நொதிகள் கிளம்பி செல்லை உள்ளிருந்தே துண்டாக்கும். புற்றுநோய் செல்லோ பிசிஎல்-2 போன்ற புரதங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, துளை விழாமல் தப்பித்துவிடுகிறது. ஆய்வகத் தட்டில் வளரும் புராஸ்டேட் புற்றுநோய் செல்கள்மீது மஞ்சளின் குர்குமினை விட்டால் பிசிஎல்-2 குறைகிறது, கேஸ்பேஸ் கிளம்புகிறது, செல்கள் சாகின்றன.

ஆனால் அளவைப் பாருங்கள். தட்டில் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருளின் செறிவை அளக்கும் அலகு) வரை விடுகிறார்கள். தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்திலோ சராசரியாக 2 மைக்ரோமோலார்கூட எட்டவில்லை. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செடியிலிருந்து வந்து நோயாளியின் உடம்பிலேயே வேலை செய்வது ஒன்று உண்டு. அது அவர்கள் வேண்டாம் என்கிற அந்த ஊசிதான். டாசிடாக்சல், ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் பொருளை மாற்றிச் செய்த மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை அது இறுக்கிவிடும். பிரிய முடியாமல் சிக்கிய செல்லில் பிசிஎல்-2வும் செயலிழந்து, அழிவு தொடங்கும். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில், 2004இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 3 வாரத்துக்கு ஒருமுறை இதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 18.9 மாதம், பழைய மருந்தில் 16.5. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் அது மனிதர்களிடம் அளந்து பார்த்த வித்தியாசம்.

எனக்குக் கவலை தருவது, சொல்லாமல் சாப்பிடுவது. வார்விக் மூலிகைச் சந்தையில் வாங்கிய கேன்சர் புஷ், ஆப்பிரிக்கன் பொட்டேட்டோ என்ற மூலிகைகள், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை எல்லாம் வீட்டில் இருக்கும், எங்கள் பதிவேட்டில் இருக்காது. டாசிடாக்சலை உடைப்பது கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதி. கேன்சர் புஷ்ஷும் ஆப்பிரிக்கன் பொட்டேட்டோவும் அந்த நொதியைத் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். உடம்பிலும் அப்படி நடந்தால் மருந்து ரத்தத்தில் தங்கிப்போகும், ஊசியால் ஏற்கெனவே குறையும், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் இன்னும் சரியும். அந்த நேரத்தில் வரும் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்து.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் கவலைதான். புராஸ்டேட் நோய்க்கென்று ‘பிசி-ஸ்பெஸ்’ என்ற மூலிகைக் கலவை அமெரிக்காவில் நன்றாக விற்றது. சாப்பிட்டவர்களுக்கு பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும், ரத்தத்தில் அளந்து நோயைக் கவனிக்கும் புரதம்) அளவு உண்மையிலேயே இறங்கியது. 2002இல் சந்தையிலிருந்து அதை எடுத்தார்கள். சோதித்த பொட்டலங்களில் செயற்கை ஈஸ்ட்ரோஜனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தன. லேபிளில் மூலிகைப் பெயர்கள் மட்டுமே. ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதை வைத்து நான் எதையும் நம்பாததற்கு இதுவே காரணம்.

அதனால் அடுத்த ஊசிக்கு வரும்போது பாட்டிலையோ பொட்டலத்தையோ அப்படியே கொண்டு வாருங்கள். யாரும் திட்டமாட்டோம். எதைத் தொடரலாம், எதை ஊசி முடியும்வரை நிறுத்த வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். கூட வரும் மகன்மாருக்கும் ஒரு வார்த்தை: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றால், 40 வயதிலேயே பிஎஸ்ஏ பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.