‘எக்ஸ்க்ளூசிவ்’ – ஒருகடை வெளியீடு: சொல் விளக்கம்

கணினி விளையாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல் மிகவும் பழகிப்போன ஒன்று. ஒரு கேம் ‘எபிக் எக்ஸ்க்ளூசிவ்’ ஆகிவிட்டது என்றும், இன்னொன்றின் ‘ஓராண்டு எக்ஸ்க்ளூசிவ்’ முடிந்து அது ஸ்டீமுக்கு வருகிறது என்றும் படிக்கிறோம். எபிக், ஸ்டீம் இரண்டும் கணினி விளையாட்டுகளை இணையம் வழியே விற்கும் கடைகள். தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இதை ஒலிபெயர்த்து அப்படியே வைக்கிறார்கள்; மொழிபெயர்க்க முனைவோர் ‘பிரத்யேக வெளியீடு’ என்கிறார்கள். இத்துறையில் அச்சொல்லின் பொருள் தெளிவானது: ஒரு விளையாட்டைக் குறிப்பிட்ட ஒரு கடையில் மட்டும் விற்பது, ஒப்பந்தத்தாலோ உரிமையாளரின் முடிவாலோ மற்றக் கடைகளுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது. இந்த இரண்டு பாதிகளில் பின்னதுதான் சொல்லுக்கு உயிர். ‘பிரத்யேகம்’ அதைத்தான் விட்டுவிடுகிறது.

சொல்லின் வேரைப் பார்த்தால் இது விளங்கும். இலத்தீனில் ‘எக்ஸ்’ என்பது வெளியே என்றும், ‘கிளவுதெரெ’ என்பது மூடு, அடை என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்து ‘எக்ஸ்கிளூதெரெ’ ஆகும்போது ஒருவரை வெளியே விட்டுக் கதவை அடைத்தல் என்ற பொருள் பிறக்கிறது. அதிலிருந்து தோன்றிய உரிச்சொல்தான் இடைக்கால இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ‘குளோஸ்’ என்பதும் அதே வேரின் கிளை. ஆகவே ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல்லுக்குள் ஒரு கதவும், அதை அடைக்கும் ஒரு கையும், வெளியே நிற்கும் ஒருவரும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள்.

பின்னாளில் இச்சொல் புகழ்ச்சியானது, கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் அதைப் பேசத் தொடங்கியதால்தான். சிலர் மட்டுமே சேரக்கூடிய மன்றங்களும், வேறு எந்த இதழிலும் வராத செய்தியைத் தாங்கிய பத்திரிகைகளும், ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் ஆடைகளும் தம்மை இப்படி அழைத்துக்கொண்டபோது, அடைத்தல் என்ற வினை மறைந்து அரிது, உயர்ந்தது என்ற மணம் மட்டும் எஞ்சியது. விளையாட்டுத் துறையின் விளம்பரங்கள் எடுத்துக்கொண்டதும் இந்த மணத்தைத்தான்.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிகளின் காலத்திலேயே இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையில் நின்டெண்டோ நிறுவனம் தன் கருவிக்கு விளையாட்டு வெளியிட விரும்பிய நிறுவனங்களுக்குக் கடுமையான உரிமக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. வெளியிட்டதை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கருவிக்கும் கொண்டுபோகக் கூடாது. கருவிக்குள் இருந்த ஒரு பூட்டுச் சில்லு, உரிமம் இல்லாத விளையாட்டுப் பொதியுறைகளை (கார்ட்ரிட்ஜ்) இயங்கவிடாமல் தடுத்தது. இலத்தீன் வேரின் பொருள் அங்கே ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் நிறைவேறியது என்று கூறலாம்.

கணினியில் அப்படி ஒரு கதவு இருந்ததில்லை. கணினிக்கு விளையாட்டு எழுத யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. வட்டில் பதித்து எந்தக் கடையிலும் விற்கலாம். இந்த நிலை மாறத் தொடங்கியது 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீமைத் தொடங்கியபோதுதான். தன் விளையாட்டுகளுக்கான திருத்தங்களை இணையம் வழியே அனுப்புவதற்காகவே அது முதலில் பயன்பட்டது. 2004 நவம்பரில் வால்வின் ‘ஹாஃப் லைஃப் 2’ வெளியானபோது, கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால்தான் விளையாட முடியும் என்ற நிலை வந்தது. அந்த நேரத்தில் வால்வும் அதன் வெளியீட்டாளரான விவெண்டியும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. 2002இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. உருவாக்குபவரே கடையும் வைத்துவிட்டால் இடையில் நிற்கும் வெளியீட்டாளருக்கு என்ன இடம் என்ற கேள்வி, டிஜிட்டல் கடை தோன்றிய கணத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2009இல் மோதல் கடைகளுக்கிடையே வெடித்தது. ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ என்ற விளையாட்டைக் கணினியில் நிறுவ, எங்கே வாங்கினாலும், ஸ்டீம் செயலி தேவைப்பட்டது. டைரக்ட்2டிரைவ், இம்பல்ஸ், கேமர்ஸ்கேட் ஆகிய போட்டிக் கடைகள் அதை விற்கவே மறுத்தன. தம் வாடிக்கையாளரைத் தம் கையாலேயே அடுத்த கடைக்கு அனுப்பிவைக்கும் சரக்கை அவை ஏன் விற்க வேண்டும்? இது எக்ஸ்க்ளூசிவ் என்ற பெயரில் நடந்ததன்று. ஆனாலும் விளைவு அதுதான். பெயரில்லாமலும் கதவு மூடும் என்பதால் இந்நிகழ்ச்சியைச் சொல் விளக்கத்தில் சேர்க்கிறேன்.

அடுத்து வெளியீட்டாளர்கள் தாமே கடை திறந்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011 ஜூனில் ஆரிஜினைத் தொடங்கி, அவ்வாண்டு வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 3’, அடுத்த ஆண்டு வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ ஆகியவற்றை ஸ்டீமுக்குக் கொடுக்கவில்லை. பெதெஸ்டா 2018 நவம்பரில் ‘ஃபால்அவுட் 76’ விளையாட்டைத் தன் செயலியில் மட்டும் விற்றது. காரணம் ஒளிவுமறைவானதன்று: ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. 60 டாலர் விளையாட்டில் 18 டாலர் கடைக்குப் போய்விட, 42 டாலர்தான் வெளியீட்டாளருக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் விலகுவதைக் கண்ட வால்வ், 2018 நவம்பர் இறுதியில் தன் பங்கைப் படிப்படியாகக் குறைத்தது: ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டிய பிறகு 25 விழுக்காடு, 5 கோடியைத் தாண்டிய பிறகு 20 விழுக்காடு. சிறிய உருவாக்குநர்கள் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை எட்டவே எட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அறிவிப்பு வந்து ஒரு வாரம் முடிவதற்குள் எபிக் கேம்ஸ் தன் கடையைத் திறந்தது. கடையின் பங்கு அப்போது 12 விழுக்காடு மட்டுமே. ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல் கணினி விளையாட்டு உலகில் வசைச்சொல்லாகவே மாறியது அதற்குப் பின்னர்தான். 2019 ஜனவரி இறுதியில், ஸ்டீமில் மாதக்கணக்காக முன்பதிவில் இருந்த ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ அங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, எபிக் கடைக்கு மட்டும் உரியதாக அறிவிக்கப்பட்டது. வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லை. முன்பே வாங்கியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது. மற்றவர்களுக்குக் கதவு அடைபட்டது. நீண்ட முன்பதிவுக்குப் பிறகு இப்படிச் செய்வது தன் வாடிக்கையாளருக்கு நியாயமன்று என்று வால்வ் தன் கடைப் பக்கத்திலேயே எழுதியது.

இங்கே கணக்கையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கோபத்தில் பலர் அதைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் அந்த விளையாட்டின் விலை எபிக் கடையில் 60 டாலரிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. 50 டாலரில் 88 விழுக்காடு 44 டாலர். வாங்குபவருக்குப் பத்து டாலர் குறைந்த பின்னும், வெளியீட்டாளருக்கு முன்னைவிட இரண்டு டாலர் கூடுதலாகவே கிடைத்தது. இந்த நன்மை ஒப்பந்தக் கதவு இல்லாமலும் கிடைத்திருக்கக் கூடும் என்பதே என் கருத்து; விலையைக் குறைத்தது 12 விழுக்காடு, வாங்குபவரைக் கட்டாயப்படுத்தியது கதவு. எபிக் நிறுவனத் தலைவர் டிம் ஸ்வீனி அவ்வாண்டு ஏப்ரலில், ஸ்டீம் எல்லா உருவாக்குநர்களுக்கும் நிரந்தரமாக 88 விழுக்காடு கொடுக்க உறுதியளித்தால் தாங்கள் இத்தகைய ஒப்பந்தங்களிலிருந்து பின்வாங்குவோம் என்று பொதுவெளியில் கூறினார். கதவு அடைப்பதைப் பேரம் பேசும் கருவியாகவே அவர் கருதினார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வெளியீட்டாளர்கள் இதற்கு இணங்கியதற்குப் பங்கு விகிதம் மட்டும் காரணமன்று. இத்தனை வருவாய் நிச்சயம் என்று கடை முன்கூட்டியே உறுதிப்பணம் கொடுத்தது. ‘கண்ட்ரோல்’ என்ற விளையாட்டுக்காக எபிக் ஏறத்தாழ 95 இலட்சம் யூரோ கொடுத்தது, அதன் வெளியீட்டாளரான 505 கேம்ஸின் தாய் நிறுவனம் வெளியிட்ட கணக்குகளிலிருந்து வெளியே தெரிந்தது. விளையாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் போட்ட முதல் திரும்பும் என்ற நிம்மதியை, நடுத்தர நிறுவனம் எதுவும் எளிதில் தள்ளிவிடாது.

ஆனால் அடைத்த கதவுகள் பலவும் மெல்லத் திறந்தன. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ 2020 பிப்ரவரியில் ஸ்டீமுக்குத் திரும்பியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019 நவம்பரில் திரும்பியது; பெதெஸ்டாவின் ‘ஃபால்அவுட் 76’ 2020 ஏப்ரலில் அங்கே வந்தது. பெதெஸ்டா தன் செயலியையே 2022இல் மூடிவிட்டது. 2019இலிருந்து புதிய விளையாட்டுகளை ஸ்டீமுக்குக் கொடுக்காமல் இருந்த யூபிசாஃப்ட் 2022 டிசம்பரில் ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா’வுடன் வந்தது. வாங்குபவரின் பழைய விளையாட்டுகளும் நண்பர்களும் ஒரு கடையில் இருக்கும்போது, சில டாலர் மிச்சத்துக்காக அவர் குடிபெயர்வதில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பிரத்யேகம்’ என்பது ‘பிரதி’, ‘ஏகம்’ என்ற வடசொற்களின் சேர்க்கை. ஒவ்வொன்றாக, தனித்தனியாக என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் அது ‘சிறப்பாக இதற்கென்றே’ என்ற பொருளில் வழங்குகிறது. ‘எபிக் கடையின் பிரத்யேக வெளியீடு’ என்று படிப்பவர், அந்தக் கடைக்கென்று ஏதோ சிறப்புப் பதிப்பு ஆக்கியிருக்கிறார்கள் என்றே எண்ணுவார். ‘தனியுரிமை’ என்ற சொல் ஒரு காலத்தில் பொருந்தியிருக்கும். இன்று செயலிகளின் ‘தனியுரிமைக் கொள்கை’ வழியாக அது அந்தரங்கத்தைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ‘முற்றுரிமை’, ‘ஏகபோகம்’ இரண்டும் சந்தை முழுவதையும் ஒருவர் ஆள்வதைச் சுட்டுகின்றன. இங்கே பேசுவது ஒரு பொருளைப் பற்றி. ‘விலக்கு’ வேருக்கு மிக நெருங்கியது, ஆனால் வரிவிலக்கு, மதுவிலக்கு என இரு வேறு திசைகளில் ஏற்கெனவே இழுக்கப்பட்ட சொல் அது.

நான் பரிந்துரைப்பது ‘ஒருகடை வெளியீடு’. ‘கடை’ என்ற சொல்லுக்குத் தமிழில் முடிவு, எல்லை என்ற பொருள்களோடு வாயில் என்ற பொருளும் உண்டு. முன்வாயில் தலைக்கடை, வீட்டின் பின்வாயிலும் அதை ஒட்டிய இடமும் புழைக்கடை. பொருள் விற்கும் இடமும் கடைதான். இலத்தீன் சொல் தன்னுள் ஒளித்துவைத்திருக்கும் கதவு, தமிழில் கடை என்ற சொல்லிலேயே திறந்து நிற்கிறது. ‘ஒருகடை’ என்னும்போது விற்குமிடம் ஒன்று, உள்ளே செல்லும் வழியும் ஒன்று என்ற இரு பொருளும் சேர்ந்து கேட்கின்றன. அதில் புகழ்ச்சியும் இல்லை, பழிப்பும் இல்லை. ஒருதலைக் காதல், ஒருவழிப் பாதை என்ற தொடர்களால் அமைப்பும் நமக்குப் பழக்கமானது. இதை எழுதும்போது ‘ஒருக்கடை’ என வல்லினம் மிகுக்க வேண்டியதில்லை.

‘பப்ளிஷர்’ என்பதற்கு ‘வெளியீட்டாளர்’ என்பதே சரி. ‘பதிப்பாளர்’ அச்சுப் பதித்தலிலிருந்து வந்த சொல். வட்டுகூட இல்லாமல் இறங்கும் விளையாட்டில் பதிக்க எதுவும் இல்லை.

வகைகளையும் தமிழில் எளிதாகப் பிரிக்கலாம். ஆறு மாதம், ஓராண்டு என எல்லை வைத்த ஒப்பந்தம் ‘காலவரையுள்ள ஒருகடை வெளியீடு’. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ இதற்கு எடுத்துக்காட்டு. எல்லை இல்லாதது ‘காலவரையற்ற ஒருகடை வெளியீடு’. வேலைநிறுத்தச் செய்திகளால் இந்த அடைமொழி எல்லோருக்கும் தெரிந்ததே. வால்வ் தன் விளையாட்டுகளை ஸ்டீமில் மட்டும் விற்பதைப் போன்றவை ‘சொந்தக் கடை வெளியீடு’. இப்பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2023 அக்டோபரில் வந்த ‘ஆலன் வேக் 2’ ஸ்டீமில் இல்லை என்று பலர் எபிக் மீது குறைப்பட்டார்கள். அந்த விளையாட்டுக்குப் பணம் போட்டு வெளியிட்டதே எபிக்தான். பிறர் ஆக்கிய பொருளைப் பணம் கொடுத்து அடுத்த கடையிலிருந்து எடுப்பதும், தான் முதலிட்ட பொருளைத் தன் கடையில் வைப்பதும் ஆங்கிலத்தில் ஒரே ‘எக்ஸ்க்ளூசிவ்’ ஆகிவிடுகின்றன. தமிழில் முன்னதை ஒருகடை வெளியீடு என்றும், பின்னதைச் சொந்தக் கடை வெளியீடு என்றும் எழுதினால், யார் எந்தக் கதவை அடைத்தார் என்பது படிப்பவருக்குத் தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘எபிக்கின் ஒருகடை வெளியீடு’ என்று நிறுத்திவிடாமல், எத்தனை காலத்துக்கு என்பதையும் அடுத்த சொல்லாகவே சேர்த்துவிடுங்கள்: ‘எபிக் கடையில் ஓராண்டு ஒருகடை வெளியீடு’. காலம் அறிவிக்கப்படாவிட்டால் ‘கால எல்லை அறிவிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். காத்திருப்பதா, வாங்கிவிடுவதா என்று வாங்குபவர் முடிவு செய்வது அந்த ஒரு தகவலை வைத்துத்தான்.