கடிகாரத்தை உடைத்த சட்டமன்றம்: அமெரிக்க செனட்டர்கள் அன்று தேர்வான விதம்

1905 மார்ச் 18. மிசௌரி மாநிலத் தலைநகர் ஜெபர்சன் சிட்டி. சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு ஒருவரை அனுப்ப ஜனவரியிலிருந்து வாக்கெடுப்பு நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. கூட்டத்தொடர் முடிகிற நேரம் வந்துவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். அதனால் குடியரசுக் கட்சியினர் சிலர், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே நிறுத்திவிடலாம் என்று ஏணி கொண்டுவந்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் அந்த ஏணியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். கைகலப்பு மூண்டது. மேசைகள் தரையிலிருந்து பெயர்ந்தன, புத்தகங்கள் பறந்தன. கடிகாரக் கண்ணாடி உடைந்த பிறகும் பெண்டுலம் ஆடிக்கொண்டேயிருக்க, ஓர் உறுப்பினர் மைப்புட்டிகளை ஒவ்வொன்றாக வீசி அதையும் உடைத்தார். இத்தனைக்கும் பிறகு, அன்றைக்கே வில்லியம் வார்னர் செனட்டராகத் தேர்வானார்.

இதைப் படித்ததும் அந்த ஆட்களின் குணத்தைத்தான் குறை சொல்லத் தோன்றும். எனக்கு அவர்களைவிட அவர்கள் கையில் இருந்த விதிமுறைதான் முக்கியமாகப் படுகிறது. அதே ஆட்களுக்கு வாக்கு எண்ணும் முறையை வேறு மாதிரி வகுத்துக் கொடுத்திருந்தால், இந்தத் தேர்தல் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த விஷயத்தில் ரொம்பச் சுருக்கமாக நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள், ஆறு ஆண்டுப் பதவிக்காலம், தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். அவ்வளவுதான். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை மக்களுக்கு, செனட் மாநிலங்களுக்கு என்பதுதான் அங்கே எட்டிய சமரசம். மாநில அரசுகளுக்கு மத்திய அரசில் ஒரு பிடிமானம் வேண்டும் என்ற கவலை அன்று உண்மையானது, அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சட்டமன்றம் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் எழுதவில்லை.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் மேலவை, கீழவை என்று இரண்டு அவைகள் இருப்பதுதான் வழக்கம். இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றாக வாக்களிப்பதா, தனித்தனியாக வாக்களித்து ஒரே பெயரில் உடன்பட வேண்டுமா? ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றியபடி செய்தது. தனித்தனி முறையில் ஓர் அவை ஒரு கட்சி கையிலும் மற்றது இன்னொரு கட்சி கையிலும் இருந்துவிட்டால் வேலை நடக்காது. முதல் செனட் கூடியபோதே நியூயார்க்கில் இரண்டு அவைகளும் முட்டிக்கொண்டன. 1789 மார்ச்சில் தொடங்கிய செனட்டுக்கு அந்த மாநிலத்தின் செனட்டர்கள் ஜூலையில்தான் கிடைத்தார்கள். சேர்ந்து உட்காரும் முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஓர் அவை வராமல் இருந்துவிட்டால் போதும். 1855-இல் இந்தியானா மேலவையின் ஜனநாயகக் கட்சியினர் கூட்டுக் கூட்டத்துக்கு மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஓர் இடம் காலியாகவே கிடந்தது.

அதே 1855, பிப்ரவரி 8. பக்கத்து மாநிலமான இல்லினாயின் தலைநகர் ஸ்பிரிங்பீல்டில் இந்த முறை எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஒரு வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன். சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் செனட்டராக முடியாது என்பதால், அப்போதுதான் வென்றிருந்த தன் சட்டமன்ற இடத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் சுற்றில் அவருக்கு 44 வாக்குகள், பதவியில் இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்கு 41, லைமன் டிரம்புல்லுக்கு வெறும் 5. அடிமைமுறை பரவுவதை எதிர்ப்பதில் லிங்கனும் டிரம்புல்லும் ஒரே பக்கம்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அதற்குப் போட்டியாக இருந்த விக் கட்சிக்காரரான லிங்கனுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். சுற்று மேல் சுற்று போயிற்று. எதிர்த் தரப்பு ஷீல்ட்ஸை விட்டுவிட்டு ஆளுநர் ஜோயல் மேட்டசனைப் பிடித்துக்கொண்டது, ஒன்பதாவது சுற்றில் மேட்டசன் 47-ஐ எட்டினார். லிங்கனின் கணக்கு 15-க்கு இறங்கியிருந்தது. மேட்டசன் ஜெயித்துவிடக் கூடாது என்று லிங்கன் தன் ஆட்களை டிரம்புல்லுக்குப் போடச் சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 வாக்குகளோடு செனட்டரானார். நாற்பத்து நான்கு பேரை ஐந்து பேர் வென்றுவிட்டார்கள்! லிங்கன் விட்டுக்கொடுத்ததால் அது ஒரே நாளில் முடிந்தது. விட்டுக்கொடுக்க ஆள் இல்லாத இடங்களில் என்ன ஆகும் என்பது பின்னால் தெரிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாயின் ஏழு ஊர்களில் நடத்திய விவாதங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் அந்தக் கூட்டங்களில் வெயிலிலும் மழையிலும் நின்று கேட்ட மக்கள் யாருக்கும் இருவரில் ஒருவருக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது. அவர்கள் வாக்களித்தது தங்கள் ஊர் சட்டமன்ற வேட்பாளருக்கு. மொத்த வாக்குகளில், லிங்கன் அதற்குள் சேர்ந்திருந்த குடியரசுக் கட்சி சற்றே முந்தியது. இருந்தும் தொகுதிகள் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி பிரிக்கப்பட்டிருந்ததாலும், மேலவையில் தேர்தலைச் சந்திக்காத பழைய உறுப்பினர்கள் பலர் ஜனநாயகக் கட்சியினர் என்பதாலும், 1859 ஜனவரியில் சட்டமன்றம் 54க்கு 46 என்று டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்கூடம், சாலை, வரி என்று மாநிலத்துக்குள் தீர்க்க வேண்டிய எல்லாம் அந்தத் தேர்தலில் பின்னால் போய்விட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, மத்தியச் சட்டம் எப்போது வந்தது? நியூ ஜெர்சியில் நடந்த ஒரு தகராறுதான் காரணம். 1865-இல் அங்கே கூட்டுக் கூட்டம், பெரும்பான்மை வேண்டாம், மற்றவர்களைவிட அதிக வாக்கு வாங்கினால் போதும் என்று தன் விதியையே மாற்றிக்கொண்டு, 81 பேரில் 40 பேர் ஆதரித்த, ஜனநாயகக் கட்சியின் ஜான் ஸ்டாக்டனைத் தேர்ந்தெடுத்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனோடு மோதிக்கொண்டிருந்த குடியரசுக் கட்சிக்கு அப்போது செனட்டின் ஒவ்வொரு இடமும் தேவைப்பட்டது. 1866 மார்ச்சில் செனட் ஸ்டாக்டனை வெளியேற்றியது. அதே ஆண்டு ஜூலை 25-இல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் சொன்ன முறை இதுதான். சட்டமன்றம் கூடி அவைத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இரண்டு அவைகளும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் பகல் 12 மணிக்கு இரண்டு அவைகளும் ஒன்றாகக் கூடும். இரண்டிலும் ஒரே ஆளுக்குப் பெரும்பான்மை கிடைத்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அங்கேயே கூட்டாக வாக்கெடுப்பு, பாதிக்கு மேல் வாங்குபவர் செனட்டர். அதிலும் யாரும் தேறவில்லை என்றால் தினமும் பகல் 12 மணிக்குக் கூடி, குறைந்தது ஒரு வாக்கெடுப்பாவது நடத்த வேண்டும். தேர்வு முடியும் வரை, அல்லது கூட்டத்தொடர் முடியும் வரை.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு அவை மட்டும் முரண்டு பிடித்து எல்லாவற்றையும் நிறுத்துவதை இது பெருமளவு தடுத்தது என்பதும் உண்மை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நூறு பேர் கொண்ட கூட்டுக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு 51 பேர், மற்றதற்கு 49. பெரிய கட்சியில் 44 பேர் ஒருவரை விரும்புகிறார்கள், 7 பேர் அவரை ஏற்க மறுத்து வேறொருவரைச் சொல்கிறார்கள். யாருக்கும் 51 இல்லை. மறுநாளும் இதே நூறு பேர், இதே பெயர்கள், இதே வாக்குகள். கடைசியில் வந்தவர் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முதல் இருவரை மட்டும் வைத்து மோதவிடவும் இல்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அதிக வாக்கு வாங்கியவரே போதும் என்றும் சொல்லவில்லை. ஆக அந்த ஏழு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே எல்லாம் நின்றுவிடும். பெயரை எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிட்டதால் பின்வாங்குவதும் சங்கடம். நாள் போகப் போக அந்த ஏழு பேருடைய வாக்கின் விலைதான் ஏறும். நம் மாநிலங்களவைத் தேர்தலிலும் வாக்களிப்பது எம்.எல்.ஏ.க்கள்தான். ஆனால் அங்கே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதித் தருகிறார்கள், குறைவாக வாங்கியவர் விலக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. அதனால் அதே நாளில் முடிவு தெரிந்துவிடுகிறது.

1891 முதல் 1905 வரை மட்டும் 20 மாநிலங்களில் சுமார் 45 முறை இந்த இழுபறி நடந்தது. மோசமாக அடிபட்டது குட்டி மாநிலமான டெலவேர். 1895-இல் அங்கே 114 நாட்களில் 217 வாக்கெடுப்புகள் நடந்தன. எரிவாயுத் தொழிலில் பணம் சேர்த்த எட்வர்ட் ஆடிக்ஸ் எப்படியாவது செனட்டராகிவிட வேண்டும் என்று நின்றார், அவர் மட்டும் வரவே கூடாது என்று அவருடைய கட்சியிலேயே இன்னொரு பகுதி நின்றது. இதற்கு நடுவில் ஆளுநர் இறந்துபோக, மேலவைத் தலைவர் வில்லியம் வாட்சன் ஆளுநரானார். கடைசி நாளில் ஹென்றி டு பாண்டுக்கு 15 வாக்குகள் கிடைத்தன. ஆளுநராகிவிட்ட வாட்சன் மேலவை உறுப்பினராகவும் வந்து வாக்களித்தார். அவரைச் சேர்த்தால் வாக்குகள் 30, டு பாண்டுக்குச் சரிபாதிதான். சேர்க்காவிட்டால் 29, டு பாண்ட் ஜெயித்துவிட்டார்! வழக்கு வாஷிங்டனுக்குப் போய், செனட் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவரை ஏற்க மறுத்தது. சண்டை அதோடு ஓயவில்லை. 1901 முதல் 1903 வரை டெலவேருக்கு செனட்டில் ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. மாநிலங்களின் குரலுக்காக உருவான அவையில் ஒரு மாநிலத்துக்குக் குரலே இல்லாமல் போனது.

சில வாக்குகள் இத்தனை முக்கியமாகிவிட்டால் பணம் தானாக வந்து சேரும். மொன்டானாவின் செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் 1899-இல் செனட்டராகத் தேர்வானார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் பிரெட் ஒயிட்சைடு என்ற மேலவை உறுப்பினர், வாக்குகளை வாங்கக் கொடுத்த பணம் என்று 30,000 டாலரைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். செனட் குழு விசாரித்து இந்தத் தேர்வு செல்லாது என்று சொன்னதும், 1900 மே மாதம் கிளார்க் பதவி விலகினார். ஆளுநர் மாநிலத்துக்கு வெளியே இருந்த நேரம் பார்த்து, துணை ஆளுநர் அந்தக் காலியிடத்துக்கு யாரை நியமித்தார் தெரியுமா? அதே கிளார்க்கை. ஆளுநர் திரும்பி வந்து அதை ரத்து செய்தார். மறு ஆண்டே சட்டமன்றம் கிளார்க்கை மறுபடி தேர்ந்தெடுத்தது, முழுப் பதவிக்காலமும் இருந்துவிட்டுத்தான் போனார்.

ஓரிகனில் 1897-இல் இன்னொரு கூத்து. செனட்டர் தேர்வைத் தடுக்க வேண்டும் என்று கீழவை உறுப்பினர்களில் ஒரு கணிசமான பகுதி பதவிப் பிரமாணமே எடுக்கவில்லை. கூட்டத்தொடர் முழுக்க அந்த அவை கூடவே முடியாமல் போய், மாநிலத்துக்கு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்கூட நிறைவேறவில்லை. அந்த முடக்கத்தில் தானும் பங்கெடுத்த வில்லியம் யூரென் போன்றவர்கள்தான் அப்புறம் அரசியலமைப்பைத் தொடாமலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மக்கள் தங்களுக்கு விருப்பமான செனட்டருக்கு வாக்களிப்பார்கள், சட்டமன்ற வேட்பாளரோ மக்கள் யாரைச் சொல்கிறார்களோ அவரையே தேர்ந்தெடுப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போடாதவர்களை மக்கள் தேர்தலில் கவனித்துக்கொள்வார்கள். 1909-இல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட ஓரிகன் சட்டமன்றம், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் சேம்பர்லினை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. காரணம், மக்கள் வாக்கில் அவர் முந்தியிருந்தார். கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றியது பெரிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன்.

1912 வாக்கில் 29 மாநிலங்கள் வரை ஏதோ ஒரு வகையில் மக்களைக் கேட்டு செனட்டரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியிருந்தன. அப்படி வந்த செனட்டர்களுக்குப் பழைய முறையைக் காப்பாற்ற அவசியம் இல்லை. பிரதிநிதிகள் சபை 1890-களிலிருந்து பலமுறை நிறைவேற்றி அனுப்பியும் கிடப்பில் போட்ட திருத்தத்துக்கு, செனட் 1911-இல் சம்மதித்தது. 1913 ஏப்ரல் 8-இல் தேவைப்பட்ட 36-ஆவது மாநிலமாக கனெக்டிகட் ஒப்புதல் தந்ததும் பதினேழாவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்ந்தது.

மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று சொன்ன அந்தத் திருத்தமும், ஜெயிக்க எத்தனை வாக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் போதும். ஜார்ஜியாவில் இன்றும் பாதிக்கு மேல் வேண்டும். அங்கே யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து இன்னொரு தேர்தல் நடத்துகிறார்கள். 2021 ஜனவரி 5-இல் அந்த மாநிலத்தின் இரண்டு செனட் இடங்களுக்கும் அப்படித்தான் முடிவு தெரிந்தது.